அன்னமேரி கரையிறங்கக் கோவிந்தப்பன் போட்ட பிளான்

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சந்திரசூடேஸ்வரர் மலையைப் பார்த்து நின்று, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன். இடது கையில் டீ கிளாஸ் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஒரே ஒரு பொய்யாவது இந்தக் கதைக்குள் நுழைந்திருந்தால் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் கழிவுநீர் நுரை என் வீட்டு வாசல் வரைக்கும் வரட்டும். (போன மழையில் வந்தது. அது வேறொரு விஷயத்துக்காக.)

கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு டீக்கடை. நானும் கோவிந்தப்பனும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். உடம்பு பழக்கத்தை விடாததால் இப்போதும் முதல் ஷிஃப்டுக்கு வருகிற மாதிரி அந்தக் கடைக்கு வந்துவிடுவோம். ஒரு நாள் கோவிந்தப்பன் கேட்டான்:

“ஏம்ப்பா, கப்பல்ல வர்றவங்க ஒரு நாள் கரையில எறங்குனா என்னென்ன சாக்கிரதை பாக்கணும்?”

ஒசூரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் வருவதற்கு ஒரு பகல் போய்விடும். இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி, அது சுற்றின சுற்றில் வாந்தி எடுக்காமல் இறங்கியவன் என்ற முறையில், கடல் சம்பந்தப்பட்ட எதற்கும் அந்த டீக்கடையில் என்னைத்தான் கேட்பார்கள்.

“யாரு வர்றாங்க?” என்றேன்.

“பொதுவாத்தான் கேக்கறன்.”

பொதுவாகக் கேட்கிறவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வரமாட்டான்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்பதில் எனக்குச் சில நாட்கள் போயின. போனவற்றை உங்களுக்குக் காட்டிவிடுகிறேன்.

“நீலக்கடலைக் கிழித்துக்கொண்டு அந்தப் பிரம்மாண்டமான கப்பல்” – இங்கே நிறுத்திவிட்டேன். கப்பல் கடலைக் கிழித்து நான் பார்த்ததில்லை. அப்படியே கிழித்தாலும் அதை யார் தைப்பது என்ற கவலை வேறு.

“அன்னமேரி அழகி.” இது உண்மை. ஆனால் கோவிந்தப்பன் படித்தால் ‘அது உனக்கெப்படித் தெரியும்’ என்று கேட்பான். அடித்துவிட்டேன்.

“எண்பதுகளின் நடுவில் ஒசூரில் லாரிகளுக்கான கியர் செய்யும் ஒரு தொழிற்சாலை இருந்தது, அதில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள், அவர்களில்” – இதில் தப்பில்லை. ஆனால் சங்கு ஊதும் முன்பே வாசகர் கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போய்விடுவார்.

ஆகவே நேராக வருகிறேன். அந்தத் தொழிற்சாலையில் கோவிந்தப்பன் பிளானிங் பிரிவு. எந்தச் சாமான் எப்போது தயாராக வேண்டும், எந்த லாரி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று தீர்மானிப்பவன். எலத்தகிரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த அன்னமேரி கடைசிப் பரிசோதனைப் பிரிவு. அவள் விரல் வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு கியரும் வெளியே போகாது.

கோவிந்தப்பன் எந்த நேரத்தையும் உள்ளபடி சொன்னவன் அல்ல. லாரி ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் எட்டு என்பான். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. அதற்குப் பெயர் பிளானிங். கீழே வேலை செய்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவன் எட்டு என்றால் ஒன்பது என்று தாங்களே கூட்டிக்கொண்டு, நடுவில் டீயும் குடித்துவிட்டு வருவார்கள். அவன் குறைப்பான், அவர்கள் கூட்டுவார்கள், லாரி சரியாக ஒன்பதுக்குக் கிளம்பும். ஒரு தடவை காய்ச்சல் வேகத்தில் உண்மையான நேரத்தைச் சொல்லிவிட்டான். எல்லாரும் பழக்கப்படி ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டார்கள். லாரி காலியாகப் புனே போய்ச் சேர்ந்தது. கியர்கள் இங்கேயே இருந்துவிட்டன. அவற்றில் ஒன்றை மத்திகிரியில் ஒரு மாமியார் பல வருஷம் ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக வைத்திருந்தார்.

(இந்தப் பத்தியை மட்டும் நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள். கதை இதன் மேல்தான் நிற்கிறது. மற்றதை டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே படிக்கலாம்.)

மெல்போர்னில் நர்ஸாக இருந்த அக்காள் கூப்பிட்டபோது அன்னமேரி கோவிந்தப்பனிடம் வந்து சொன்னாள்: “ஞாயித்துக்கெழம காலைல மெட்ராஸுக்குக் கெளம்பறன் கோவிந்து. எதாவது சொல்லணும்னா அதுக்குள்ள சொல்லிரு.”

தன்னைப் போல அவளும் குறைத்துத்தான் சொல்வாள் என்று அவன் பழக்க தோஷத்தில் ஒரு நாள் கூட்டிக்கொண்டான். திங்கட்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு எலத்தகிரிக்குப் போய் இறங்கினான். அன்னமேரியின் அம்மா காபி கொடுத்தார்.

(இந்த இடம் கதைக்கு ரொம்ப வசதியாக அமைந்துவிட்டது என்று எனக்கும் தோன்றியது. கொஞ்சம் கரடுமுரடாக மாற்றி எழுதலாமென்று கோவிந்தப்பனிடம் கேட்டேன். “காபில சர்க்கர அதிகம், அத வேணும்னா சேத்துக்க” என்றான்.)

3

நாற்பது வருஷத்தை ஒரு வரியில் தாண்டுவது எழுதுகிறவனுக்கு மட்டும் கிடைத்த சலுகை. கோவிந்தப்பன் அதை ஒவ்வொரு நாளாகத்தான் தாண்டினான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொழிற்சாலை மூடியது. தளியைத் தாண்டி ஜவளகிரிப் பாதையில் அரை ஏக்கரில் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறான். தினமும் சாயங்காலம் சிவராஜ் என்ற டிரைவர் வேனில் வந்து கட்டுகளை ஏற்றிக்கொண்டு கோயம்பேடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டு மறுநாள் காலியாகத் திரும்புவான்.

அன்னமேரி மெல்போர்னில் கல்யாணம் செய்து, ஒரு மகளைப் பெற்று, கணவரை அடக்கம் செய்து, இப்போது தனியாக இருக்கிறாள் என்று எலத்தகிரி வழியாகச் செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. போன வருஷம் யாரிடமோ அவன் எண்ணை வாங்கி ஒரு குரல் பதிவு அனுப்பினாள். மூன்று டீக்குப் பிறகு அதை எனக்குப் போட்டுக் காட்டினான்.

“கோவிந்து, நான் மேரி. எங்க சர்ச்சுல வயசானவங்க எல்லாஞ் சேந்து கப்பல்ல போறோம். கொழும்பு, அப்பறம் மெட்ராஸ், அப்பறம் பினாங்கு. மெட்ராஸ்ல ஒரு ராத்திரி தங்கி மறுநா சாய்ங்காலந்தான் கெளம்புதாம். நடுவுல ஒசூருக்கு ஓடிவந்துட்டுத் திரும்ப முடியுமா? கப்பல்ல கேட்டா அவ்ளோ தூரம் போவாதீங்கங்கறாங்க. நீ ஒரு பிளான் போட்டுக் குடு. நீ போட்டா வண்டி கெளம்பும்.”

அந்தப் பதிவை அவன் திரும்பத் திரும்பக் கேட்டதில் அதன் ஓரம் தேய்ந்துவிட்டது. ‘கோவிந்து’ என்பதில் ‘கோ’ இப்போது சரியாக விழுவதில்லை.

“நீயே மெட்ராஸ் போய்ப் பாத்துட்டு வர்றது?” என்றேன்.

“சொன்னன். மெட்ராஸ்ல எனக்கு என்னா இருக்குதுங்கறா. ஒசூரு மண்ண மிதிக்கணுமாம்.”

“ஒசூர்ல மண்ணு எங்கடா இருக்குது? பூராவும் காங்கிரீட்டு.”

“எங்கிட்ட அர ஏக்கர் இருக்குது” என்றான்.

4

இங்கே கதையைக் கொஞ்சம் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, வாசகருக்கு உபயோகமானதைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நீங்களும் கப்பல் ஏறலாம். இவையெல்லாம் நானும் கோவிந்தப்பனும் போனில் பார்த்தும், பக்கத்து வீட்டு நவீன்குமாரைப் படிக்கச் சொல்லியும், மீதியை நானாகவே யூகித்தும் திரட்டியவை.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் நம் கரையில் கால் வைக்க விசாவை முன்பே வாங்கியிருக்க வேண்டும். இறங்கும்போது கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், துறைமுகத்தில் கப்பலுக்கு ஏஜெண்டாக இருப்பவரின் போன் எண் ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். மாத்திரைகளைக் கப்பல் அறையில் வைத்துவிட்டு இறங்கக் கூடாது. கரையின் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, கப்பலின் கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். சில கப்பல்கள் போகிற ஊருக்கெல்லாம் முள்ளைத் திருப்புவதில்லை. செருப்பு பழையதாக இருக்கட்டும்.

“பழசே போதும்னு சொல்லிரு” என்றான் கோவிந்தப்பன். “புதுசு போட்டா ரோஜாத் தோட்டத்துல சேறு ஒட்டும்.”

கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலா பஸ்ஸில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். சொந்த ஏற்பாட்டில் போனால் காத்திருக்காது. ஏணியை எடுத்துவிடுவார்கள். மண்ணோடு செடி, வெட்டிய பூ இவற்றைப் பல இடங்களில் திரும்பக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள்.

“மொட்டு?”

“மொட்டும் பூதான்டா.”

“விரியாத வரைக்கும் அது பூ இல்ல. எங்க மார்க்கெட்ல கேட்டுப் பாரு.”

காற்று சரியில்லையென்றால் கேப்டன் ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டு நேரே அடுத்ததற்குப் போய்விடலாம். அதை யாரும் தடுக்க முடியாது. (நவீன்குமார் இந்த வரியைப் படித்தபோது கோவிந்தப்பன் டீக்குச் சொல்லப் போயிருந்தான்.)

கோவிந்தப்பன் திரும்பி வந்து, அடுத்த வரியை மட்டும் மறுபடி மறுபடி படிக்கச் சொன்னான். கப்பலைத் தவறவிட்டவர் சொந்தப் பொறுப்பில் அடுத்த துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அந்த வரி.

“அடுத்தது பினாங்கு” என்றான்.

“ஆமா. பிளேன்ல போவணும்.”

“ஒடனே கெடைக்காது.”

“கெடைக்கற வரைக்கும் காத்துனு இருக்க வேண்டியதுதான்.”

“எங்க?”

அவன் பதிலுக்காகக் கேட்கவில்லை. சாலையில் கார் ஏற்றிய நீண்ட லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றது. அது திரும்பி முடிக்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

5

பிளான் போடுகிறவர்கள் பின்னாலிருந்து முன்னால் வருவார்கள். கப்பல் கிளம்பும் நேரத்தில் தொடங்கி, ஏணி எடுக்கிற நேரம், துறைமுக வாசலில் சோதனை, பூந்தமல்லி நெரிசல், வேலூரில் சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே கோவிந்தப்பன் ஒசூர் வந்து சேர்ந்தான். விடை ஒன்பது. இரண்டாம் நாள் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் கப்பலைப் பிடிக்கலாம். பத்துக்குக் கிளம்பினால் கப்பலின் பின்பக்கத்தைப் பார்க்கலாம்.

“அப்ப எட்டுன்னு சொல்லு” என்றேன். “அவ ஒரு மணி கூட்டிக்குவா. ஒம்பதுக்குக் கெளம்பிருவா.”

“ஆமா.”

கிளாஸின் அடியில் இருந்த டீயைச் சுழற்றினான்.

“ஒம்பதுன்னே சொன்னா?”

“பத்துக்குக் கெளம்புவா.”

“நான் பொய் சொல்லலியே” என்றான். “ஒம்பதுதான நெசம்.”

என் கிளாஸைக் கீழே வைத்தேன். எத்தனையோ பொய்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சிலவற்றை நானே வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். உண்மை இவ்வளவு திருட்டு முழியோடு என்னெதிரே உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்குள், ரோஜாத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு உள்ள அவன் தங்கை சரோஜம்மாளுக்கு விஷயம் போய்விட்டது. அன்னமேரியை ஒரு ராத்திரி தங்க வைக்க இடம் கேட்கப் போனவன் வசமாக மாட்டிக்கொண்டான். சரோஜம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டாளாம்:

“ஏண்ணா, நாப்பது வருசமா பிளானே போட்டுனு இருக்கற. ப்ரொடக்‌ஷன் எப்போ?”

“தங்கறதுக்கு எடம் உண்டா இல்லியா, அதச் சொல்லு.”

“எடம் இருக்குது. பினாங்குக்கு டிக்கெட்டு கெடைக்கற வரைக்கும் இருக்குது.”

(இவளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். டீக்கடையில் சொன்னது தளி ரோட்டில் கேட்கும்படிதான் எங்கள் பக்கம் காற்று அடிக்கும்.)

இந்த இடத்தில் எனக்கு அன்னமேரி மேல் ஒரு சந்தேகம் வந்தது. நாற்பது வருஷம் வேறொரு ஊரில் வாழ்ந்தவள், இன்னும் இவன் சொல்வதில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வாளா? அதை மறந்திருக்கமாட்டாளா? கதையில் இது ஓட்டை. அடைக்கலாமென்று “அவளுடைய நினைவுகளின் ஆழத்தில் அந்தப் பழைய” – வேண்டாம். ஆழத்தில் எல்லாம் நான் இறங்குவதில்லை, பரிசலோடு சரி. கோவிந்தப்பனையே கேட்டேன்.

“மறந்திருந்தா எட்டுன்னு சொன்னா எட்டுக்கே போயிருவா. ஒம்பதுன்னா ஒம்பதுக்குப் போயிருவா” என்றான். “ரெண்டுலயும் போயிருவா. அவ ஞாபகம் வச்சிருந்தாத்தான் எனக்கு எதாவது.”

6

அந்த இரண்டு நாளும் நான் கூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் உண்மை.

முதல் நாள் காலை சிவராஜ் கோயம்பேட்டில் பூவை இறக்கிவிட்டு, காலி வேனோடு துறைமுக வாசலுக்குப் போனான். வெள்ளைத் தொப்பியும் பழைய செருப்புமாக ஒரு அம்மாள் வந்து, வேனை ஒரு சுற்றுச் சுற்றி, டயரில் விரல் வைத்துப் பார்த்து, “சரி” என்று ஏறினாள். அந்த ‘சரி’யை சிவராஜ் போனில் சொன்னபோதுதான் கோவிந்தப்பனுக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் தாண்டி ஒசூர் வந்தார்கள். முதலில் தொழிற்சாலையைப் பார்க்க வேண்டும் என்றாள். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. கோவிந்தப்பன் வாசலில் காத்திருந்தான். இறங்கினவள் அவனைப் பார்ப்பதற்கு முன் கட்டடத்தைப் பார்த்தாள். பார்க்க வேண்டியதைக் கடைசியில் பார்ப்பது பரிசோதனைப் பிரிவில் எல்லாருக்கும் உள்ள வழக்கம். செக்யூரிட்டி வந்து கேட்டான்.

“யாரப் பாக்கணும் மேடம்?”

“ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல எங்க எடம் காலியா இருக்குதான்னு பாக்க வந்தன்” என்றாள்.

அவன் பயந்துபோய் எந்த பிளாக் என்று கேட்டான். அப்போதுதான் அவள் கோவிந்தப்பன் பக்கம் திரும்பினாள். தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். சட்டைக் காலரைத் தொட்டு, மடிந்திருந்த ஓரத்தை எடுத்துவிட்டாள்.

“இஸ்திரி நல்லா இருக்குது” என்றாள். “அன்னைக்கும் இப்பிடித்தான் வந்தியாம்ல. அம்மா சொன்னாங்க.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஒரு தண்ணீர் லாரி வந்து ஹாரன் அடித்து, சொல்ல வந்ததைக் கலைத்துவிட்டுப் போனது.

ராத்திரி ஜவளகிரிப் பாதையில் யானைகள் நின்றன. அவை எங்கள் கம்பெனி ஷிஃப்ட் நேரத்தை இன்னும் மறக்கவில்லை. இரண்டாம் ஷிஃப்ட் முடியும் வரைக்கும் சாலையைத் தாண்டுவதில்லை; தாண்டும்போதும் வரிசையாகத்தான். சிவராஜ் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தான். வேனுக்குள் ரோஜா வாசனை. காலிப் பெட்டியில்கூட அது மிச்சம் இருக்கும்.

“எவ்ளோ நேரம் ஆவும்?” என்று அன்னமேரி கேட்டாள்.

“பத்து நிமிசம்” என்றான் கோவிந்தப்பன்.

“அப்ப இருவது” என்று அவள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கோவிந்தப்பன் இருட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் மறக்கவில்லை. யானைகள் எத்தனை போயின என்று சிவராஜ் எண்ணிக்கொண்டிருந்தான். கோவிந்தப்பனுக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை. பசுமைக்குடிலின் வாசலில் அன்னமேரி தலைவாரிக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெள்ளை. சீப்பு போகிற வழியெல்லாம் வெயில் பின்னாலேயே போனது. உள்ளே கோவிந்தப்பன் அவளுக்காக மொட்டுகள் வெட்டிக்கொண்டிருந்தான். தூரத்து மார்க்கெட்டுக்குப் போகிற ரோஜாவை இறுக்கமான மொட்டாக வெட்ட வேண்டும், போய்ச் சேர்கிற இடத்தில் விரியும்படி. பக்கத்து ஊருக்கென்றால் கொஞ்சம் விரிந்ததை வெட்டலாம். எந்த மொட்டை வெட்டுவது என்று தெரியாமல் கத்திரியைத் திறந்து திறந்து மூடினான்.

சரோஜம்மாள் அன்னமேரிக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

“எத்தன மணிக்குக் கெளம்பணும் கோவிந்து?” என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

“ஒம்பது” என்றான்.

சொல்லிவிட்டான். உண்மையைத்தான் சொன்னான்.

வெளியே சீப்பு நின்றது. அன்னமேரி எழுந்து, குடிலின் வாசலில் உள்ளே பார்த்து நின்றாள். கியரைப் பார்ப்பதுபோல அவன் முகத்தைப் பார்த்தாள்.

“நெச ஒம்பதா? பிளானிங் ஒம்பதா?”

7

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். நிறுத்துவதற்கு இதைவிட மோசமான இடம் கிடையாது என்று எனக்கும் தெரியும்.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள் இவை. ஒன்றில் அவன், “நெச ஒம்பது” என்கிறான். அவள் ஒன்பதுக்குக் கிளம்புகிறாள். சாயங்காலம் கப்பல் ஏறி, மொட்டுகளைத் தொப்பிக்குள் ஒளித்துக் கொண்டுபோகிறாள். பினாங்கு வரும்போது விரிகின்றன. இதை எழுதி முடித்ததும் எனக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் வாயு என்றார்.

இன்னொன்றில், “பிளானிங்” என்கிறான். வாழ்க்கையில் சொன்ன ஒரே சுத்தமான பொய். அவள் உட்கார்ந்து இன்னொரு டீ குடிக்கிறாள். வேன் துறைமுகத்துக்குப் போய்ச் சேரும்போது கப்பல் புகையளவுதான் தெரிகிறது. அவள் அதைப் பார்த்துவிட்டு அவனைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் என்ன இருக்கிறது என்று எழுதப்போய் “அந்தப் பார்வையில்” என்பதோடு நின்றுவிட்டேன். கோபமாக இருந்தால் அவன் தாங்கமாட்டான். இல்லாவிட்டால் நான் தாங்கமாட்டேன்.

மூன்றாவதில் யானைகளைக் கூப்பிட்டேன். சரியாக ஒன்பது மணிக்கு அவை பாதையில் வந்து நின்று, யாரும் பொய் சொல்லத் தேவையில்லாமல் எல்லாவற்றையும் முடித்துவைத்தன. அதைச் சரோஜம்மாளிடம் படித்துக் காட்டினேன். “யானைங்கள ஏண்ணா இதுல இழுக்கறீங்க? எங்கண்ணன் வாயத் தொறக்கட்டும்” என்றாள். அடித்துவிட்டேன்.

ஆக, வாசலில் அவள் நிற்கிறாள். உள்ளே கத்திரியோடு அவன். வெளியே வேனில் சிவராஜ் டேங்கை நிரப்பிக்கொண்டு காத்திருக்கிறான். கோவிந்தப்பன் என்ன சொல்ல வேண்டும் என்பதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அவசரமில்லை. அவளும் பதில் வரும் வரைக்கும் நிற்பாள்.

எழுதியதைக் கோவிந்தப்பனிடம் கொடுத்தேன். டீக்கடையில் உட்கார்ந்து, விரலை வரியின் கீழ் நகர்த்தி, முழுக்கப் படித்தான். இரண்டு திருத்தம் சொன்னான். மேரி காலையில் டீ குடிக்கமாட்டாள், அது வெறும் வெந்நீராக இருக்க வேண்டும். அப்புறம், அவள் வெயிலில் தலைவாருகிற இடத்தை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும்.

“எவ்ளோ நீட்டறது?” என்றேன்.

“ஒரு பக்கம்” என்றான்.

இரண்டு பக்கமாகக் கூட்டிக்கொண்டேன். அதை அவனிடம் தனியாகக் கொடுத்துவிட்டதால் இங்கே இல்லை.

இனி ஒரு தகவல் மட்டும் பாக்கி. அந்த வாரம் கடலில் காற்று பலமாக இருந்ததால், அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்குள் வராமலே கொழும்பிலிருந்து நேரே பினாங்குக்குப் போய்விட்டது.